இருபத்தோராவது இலை

செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் எங்கள் குலதெய்வக் கோயில். அதன் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு கல் நிற்கிறது, கழுத்தில் நீலப் பட்டுத் துணியோடு. இந்தப் பங்குனி உத்திரத்தன்று பார்த்தபோது துணி வெயிலில் வெளுத்து எங்கள் கம்பெனி பேண்டேஜ் போல ஆகியிருந்தது. சில வருடங்களுக்கு முன் இதே திருநாளில் அதைக் கட்டியவர் மங்கோலியாவிலிருந்து வந்த ஓர் அம்மையார். கட்டவிட்டவர் என் தாய்மாமா. பக்கத்தில் நின்று வியர்த்தவன் நான்.

வியர்வைக்குக் காரணம், அன்று என் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டி. ராஜபாளையத்திலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி விற்பதுதான் என் பிழைப்பு. போகிற இடமெல்லாம் டாக்டர்களுக்கு வணக்கம் வைப்பேன்; ஒருவரிடமும் கழுத்தைக் காட்டமாட்டேன். பங்குனி வெயிலிலும் காலர் பொத்தானைக் கழற்றாத வீரன். மனசுக்குள் மட்டும் தினமும் செத்து, என் காரியச் சாப்பாட்டில் பாயசம் உண்டா என்பதுவரை யோசித்திருந்தேன். மாமாதான் கோயிலின் சாமியாடி. அவர்மேல் சாமி இறங்கும்போது கட்டியைப் பற்றிக் கேட்டுவிடலாம், ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது என்பது என் திட்டம்.

சாமி இறங்கவில்லை. கும்பாபிஷேகத்தோடு கோயில் சைவமாகியிருந்தது. இருபத்தோரு தெய்வங்களில் இருபது சர்க்கரைப் பொங்கலுக்குச் சம்மதித்துவிட்டதாகக் கமிட்டியே முடிவுகட்டி, கிடாயும் சுருட்டும் கேட்கும் கருப்பனை மட்டும் பெயர்த்துச் சுவருக்கு வெளியே நட்டிருந்தது. படையலிலும் இருபதே இலை. மாமா சலங்கையோடு உட்கார்ந்தவர் அசையவில்லை. மேளக்காரர்களுக்குக் கை ஓய்ந்தது.

"இருபத்தொண்ணு இருந்தாத்தாம்லே பந்தி. ஒருத்தனப் பட்டினி போட்டா மத்தவன் எப்படிலே வந்து எறங்குவான்?" என்றார் மாமா.

அந்த அம்மையார் எங்களிடம் துணி வாங்குபவர். தறி பார்க்க வந்தவரைத் திருவிழா பார்க்க நான்தான் அழைத்து வந்திருந்தேன். அவர் தன் மொழியில் கைப்பேசியிடம் பேச, அது செய்தி வாசிக்கும் குரலில் தமிழில் சொல்லும். விவகாரத்தைக் கேட்டதும் கைப்பேசி முழங்கியது: "எங்களுக்குத் தொண்ணூற்றொன்பது வான தெய்வங்கள். மேற்கே ஐம்பத்தைந்து பேர் வெள்ளை. கிழக்கே நாற்பத்து நான்கு பேர் கறுப்பு. லாமாக்கள் வந்த பின் இரத்தம் போய்ப் பால் வந்தது. சில தெய்வங்களுக்குப் பெயரும் மாறியது. எண்ணிக்கையை நாங்கள் குறைக்கவில்லை."

"கருப்பனுக்குப் பாலா? அவன் என்ன தொட்டில் பிள்ளையா?" என்று மாமா சீறினார். செத்த நேரம் தாடியைச் சொறிந்தார். "சரி, எலையப் போடு. பாலக் குடிக்கதும் துப்புததும் அவம்பாடு."

சுவருக்கு வெளியே இருபத்தோராவது இலை விழுந்தது. பால் தெளிக்க ஒன்பது குழி உள்ள கரண்டி வேண்டும் என்றார் அம்மையார். யாரோ பணியாரச் சட்டியைத் தூக்கி வந்தார்கள், ஏழு குழி. அவர் சிரித்துவிட்டு, விரலாலேயே ஒன்பது முறை வானத்தை நோக்கித் தெளித்து, பையிலிருந்த நீலத் துணியைக் கல்லில் கட்டினார். நீலம்தான் வானமாம்.

சலங்கை அதிர்ந்தது. மாமா நேராக என்னிடம் வந்தார். காலர் பொத்தானைக் கழற்றி, "சாமி, இது என்ன?" என்றேன். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"ஊரு ஆஸ்பத்திரிக்கெல்லாம் துணி விக்க, ஊசிக்குப் பயந்துக்கிட்டு எங்கிட்ட வாரியாலே? டாக்டர்ட்டக் காட்டாம எங்கிட்ட என்ன கேள்வி? போலே!" நெற்றியில் அறைந்த திருநீறு கண்ணுக்குள் போனது.

மறுநாள் போனேன். வெறும் கொழுப்புக் கட்டி. "ஒனக்குக் கொழுப்புன்னு ஊருக்கே தெரியுமே மருமவனே" என்றார் மாமா.

மாமா இப்போது இல்லை. சலங்கை இன்னும் யார் காலிலும் ஏறவில்லை. இருபத்தோராவது இலையை நான்தான் போடுகிறேன். இந்த வருடம் இடப்பக்க நெஞ்சில் ஏதோ பிடிக்கிறது, மாடி ஏறும்போது. வழக்கம்போல டாக்டர்களுக்கு வணக்கம் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பாலைத் தெளித்துவிட்டுக் கல்லின் முன் நின்றேன். கேட்க வாய் வந்தது, வைவதற்குத்தான் ஆளில்லை. துணி நழுவியிருந்ததால் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். வெளியெல்லாம் வெளுத்த துணியில், முடிச்சுக்குள் இருந்த இடம் மட்டும் அன்றைய நீலமாகவே இருந்தது.

"போறேன் மாமா, வையாதிய" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைத் திறந்துபோட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கிளப்பினேன்.