"பட்" என்றால் கதவு சாத்துவது

"அண்டு... பட்டு... பிக்காசு... சோ..."

மரவள்ளிக் கிழங்கைத் துருவும்போது செல்லாயியின் வாய் சும்மா இருக்காது. ஆணியால் துளையிட்ட தகரத்தில் கிழங்கு இறங்கும்போது ஒரு சொல், ஏறும்போது இன்னொன்று. மலாயாவில், சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. ஜப்பான்காரன் வந்த பிறகு பால் வெட்டக் கித்தா மரத்தைச் சீண்ட ஆளில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் மரவள்ளிதான். காலையில் அடை, மத்தியானம் அவியல், ராத்திரி கஞ்சி.

குட்டையான, கருத்த, கலகலப்பான பெண். கோணிச் சாக்கை வெட்டி ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு, "மேஸ்திரி கூட இம்புட்டு வெறப்பா நிக்க மாட்டான் லா" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள். சிரித்தால் மூன்று லயத்துக்குக் கேட்கும். சண்டை போட்டால் நான்கு லயத்துக்கு.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி விட்டுப்போன வீட்டில் பராசக்தி டீச்சர் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சுங்கை பட்டாணியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பாஷை வந்ததும் வேலை போய்விட்டது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. செல்லாயி தினம் ஓர் அடை கொண்டுபோய்க் கொடுப்பாள்.

"சும்மா வாங்கிச் சாப்பிட வெக்கமாக் கிடக்கு, செல்லாயி. பதிலுக்கு என்ன வேணும், சொல்லும்" என்றார் டீச்சர் ஒருநாள்.

"இங்கிலீசு வேணும்."

"இந்தக் காலத்திலயோ? ஆரும் கேட்டால் அடிதான் விழும்."

"மெதுவாச் சொல்லிக் குடுங்க. தொரை வீட்டுல பத்து வருசம் ஆயாவா இருந்தேன். பிளேட்டு, வாட்டரு, ஸ்லீப்பு எல்லாம் வாயில கெடக்கு. ஒண்ணோட ஒண்ணு ஒட்ட மாட்டேங்குது லா."

ஒட்டுவதற்கு அண்ட், பட், பிகாஸ், சோ என்று நான்கு சொற்களைக் கொடுத்தார் டீச்சர். செல்லாயி அவற்றைத் தன் வழியில் மனப்பாடம் செய்தாள். அண்டு என்றால் அண்டை வீடு; ஒட்டிக்கொண்டே நிற்கும். பட்டு என்றால் கதவு: "பேச்சு நல்லாப் போய்க்கிட்டிருக்கும், பட்டுனு சாத்திப்புடும்." சோ என்று மழை கொட்டினால் அதனால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். பிக்காசு மட்டும் எதிலும் அடங்கவில்லை. "ஏனெண்டு கேட்டால் சொல்லுறது" என்று டீச்சர் பத்துத் தடவை சொன்னார். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது, வேலை போன பிறகு அதுதான் முதல் தடவை.

"சோத்துக்கு வழியக் காணோம், இவளுக்கு இங்கிலீசு" என்பான் புருஷன் பிச்சை. அவன் கரிமூட்டம் போடுகிறவன். பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய ராணுவ லோரிக்கு அவன் கரிதான் தீனி.

அந்தப் பிச்சையின் பெயர், சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்து அனுப்பும் பட்டியலில் வந்தது. முதலில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஒரு கடுதாசிகூட வரவில்லை. அன்று செல்லாயி அடுப்பே மூட்டவில்லை.

மறுநாள் காலை தோட்ட ஆபீஸ் படிக்கட்டில், பட்டியலில் பெயர் வந்தவர்களின் வீட்டுப் பெண்கள் கெஞ்சிக் கேட்க வரிசையாக நின்றார்கள். மேலே மேசைக்குப் பின்னால் ஜப்பான் ஆபீசர். மொழிபெயர்ப்பவன் மலேரியாவில் படுத்துவிட்டான். பெண்கள் அழுதார்கள், ஆபீசருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எரிச்சலோடு மேசையைத் தட்டி, "இங்கிலீஷ்! யார்?" என்று அந்தப் பாஷையிலேயே கத்தினான்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது கேள்வியா, பொறியா? செல்லாயிக்கும் தெரியவில்லை. ஆனாலும் கால் படியேறிவிட்டது. இடுப்பு வளையக் குனிந்து நிமிர்ந்தாள்.

"மை ஹஸ்பெண்டு பிச்சை. ஹீ குட், அண்டு ஸ்ட்ராங். பட்டு... யூ நோ டேக்."

ஆபீசரின் புருவம் ஏறியது. "ஒய்?"

ஏன் என்று கேட்டுவிட்டான்! செல்லாயி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"பிக்காசு ஹீ மேக் கரி. பிளாக், பிளாக்!" கையால் கன்னத்தில் கரி பூசிக் காட்டினாள். "யுவர் லோரி ஈட். நோ பிச்சை, நோ ஈட். சோ..." தலையைச் சாய்த்து, இரண்டு கையையும் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "லோரி ஸ்லீப்."

ஆபீசர் அவளையே பார்த்தான். முற்றத்தில் நின்ற லோரியைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அடிக்கத்தான் எழுகிறான் என்று பெண்கள் பின்வாங்கினார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பென்சிலை எடுத்துப் பட்டியலில் பிச்சையின் பெயர்மேல் ஒரு கோடு கிழித்தான்.

செல்லாயி கீழே இறங்கினாள். வேலிக்கு அப்பால் பிச்சை, என்ன நடந்தது என்று தெரியாமல் தலைத்துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவனை நோக்கி நாலு எட்டு வைத்தவள் நின்றாள். வரிசைக் கடைசியில் சிகப்பி. குழாயடிச் சண்டைக்குப் பிறகு ஆறு மாதமாக இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

"ஒன் வீட்டுக்காரு பேரும் இருக்கா?"

சிகப்பி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"இப்ப என்ன வேல பாக்குறாரு?"

"அந்த லோரியத்தான் ஓட்டுறாரு."

செல்லாயி முந்தானையை இழுத்து இடுப்பில் இறுகச் செருகினாள். சிகப்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் படியேறினாள்.