மனைவி பெயிலான பரீட்சை

மனைவி பரீட்சையில் பெயிலானதற்கு அயலுக்கெல்லாம் இனிப்புத் தொதல் வாங்கிக் கொடுத்த கணவனைப் பார்த்திருக்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை நாவற்குடாவில், எங்கள் ஒழுங்கையில் அந்த அதிசயம் நடந்தது. கொடுத்தவன் அடியேன்தான். பதினைந்துக்கு நான்கு எடுத்திருக்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே தொதலை வாங்கினார்.

வழமையான வாசகர்களுக்குச் சுகந்தியைத் தெரியும். இந்தப் பத்தியில் நான் வாங்கிக் கட்டிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் வருபவள். ஆனால், பதினொரு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு இருப்பதை இங்கே எழுதியதில்லை. இப்போது எழுதச் சொன்னதே அவள்தான். ஒளித்து வைக்க அதென்ன கள்ளச் சாமானா என்று கேட்டாள்.

மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று. மாதத்தில் இரண்டு மூன்று தடவை வந்துவிடும். அதனால் சுகந்திக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை நிறைவேறாமல் கிடக்கிறது... கல்லடிப் பாலத்தில் தானே ஸ்கூட்டர் ஓட வேண்டும்.

கொழும்பில் ஒரு டொக்டரம்மா ஸ்கேனைக் காட்டினார். மூளையின் இடது பக்கம், காதுக்கு நேர் உள்ளே ஒரு சின்னப் பகுதி. கேட்ட சொற்களை ஞாபகத்தில் போட்டு வைப்பதில் அதற்குப் பெரிய பங்காம். பார்க்க வளைந்த இறால் மாதிரி. பாதைகளையும் இடங்களையும் பார்த்துக்கொள்ளும் வலது பக்கத்து இறால் கொழுத்துக் கிடக்க, இடது பக்கத்தது வற்றிப் போயிருந்தது. வலிப்பும் அங்கிருந்துதான் கிளம்புகிறதாம்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேற்றுச் சொன்ன செய்தியை இன்று புதிதாய்க் கேட்பவள், ஒரு முறை போன பாதையை மறந்ததே இல்லை. பத்து வருடத்துக்கு முன் போன தன்னாமுனை வீடொன்றுக்குப் போனைப் பார்க்காமல் என்னைக் கூட்டிப் போனவள். நானோ, நேற்றுத்தானே சொன்னேன் என்று எத்தனை வருடம் எரிந்து விழுந்திருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

அந்தப் பகுதியை எடுத்துவிட ஒப்பரேஷன் செய்யலாம், ஆனால் அதற்கு முன் ஒரு ஞாபகப் பரீட்சை இருக்கிறது என்றார் டொக்டரம்மா. பதினைந்து சொற்களை வாசிப்பார்கள். திருப்பிச் சொல்ல வேண்டும். அரை மணித்தியாலம் கழித்து மறுபடியும் கேட்பார்கள்.

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்தால் நம்மவர்கள் என்ன செய்வோம்? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை மூன்றாம் வகுப்பிலேயே ரியூசனுக்கு அனுப்புகிறவர்கள் அல்லவா! வீட்டிலேயே ரியூசன் தொடங்கினேன். உண்மையைச் சொன்னால், மார்க்குக்காக இல்லை. பயம். இவள் பெயிலானால், இருக்கிற சொற்களும் ஒப்பரேஷனில் போய்விடுமோ... அதில் என் பெயரும் போய்விடுமோ என்று.

முதல் மூன்று நாளும் தோல்வி. பிறகு ஒரு குறுக்கு வழி கிடைத்தது. அவளுக்குத்தான் பாதை மறக்காதே! சொற்களை பஸ் போகும் வழியில் ஒவ்வொன்றாக இறக்கி வைக்கச் சொன்னேன். எங்கள் கேற்றில் ஒரு வாளி. கல்லடிப் பாலத்தில் ஒரு மேளம். காந்திப் பூங்காவில் ஒரு கோழி. புளியந்தீவுக் கோட்டை வாசலில் ஒரு குடை. இரண்டு கிழமையில் பதினைந்துக்குப் பதின்மூன்று!

பரீட்சையில் கொடுத்தது புதுச் சொற்கள். ஆனால் பாதை பழையதுதானே... சுகந்தி கண்ணை மூடி, கொழும்பில் கதிரையில் இருந்தபடியே கல்லடிப் பாலம் ஏறிப் புளியந்தீவில் இறங்கினாள். பதினான்கு. நான் வெளியில் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

டொக்டரம்மாவின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. ஸ்கேனும் மார்க்கும் ஒத்துவரவில்லை என்றார். அந்த வற்றிய பகுதி ஏற்கெனவே வேலை செய்யவில்லையென்றால், எடுப்பதால் சொல் ஞாபகம் பெரிதாகக் குறையாது. இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதென்றால் வெட்டும்போது சொற்களும் சேர்ந்து போகலாம். ஆகவே, ஒப்பரேஷனை இப்போதைக்குத் தள்ளி வைப்போம் என்றார்.

அதாவது, பாஸானதால் ஸ்கூட்டர் போயிற்று. என் ரியூசனால்!

சுகந்தி என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

நான் மீசையிலிருந்து கையை எடுத்தேன். அவளே சொன்னாள். வாளி, மேளம், கோழி, பாலம்... ஒன்று விடாமல். டொக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். இடது பக்கத்தின் வேலையை வலது பக்கத்தைக் கொண்டு செய்வித்திருக்கிறீர்கள் என்றார்.

"இந்த வழி வீட்டுக்கு நல்லம், விட்டிராதீங்க. நாளைக்கு மட்டும் பஸ்ஸில ஏறாம வாங்க."

மறுநாள் வேறு சொற்கள். பாதை எட்டிப் பார்த்தபோதெல்லாம் சுகந்தி அதை விரட்டிவிட்டாளாம். அரை மணித்தியாலம் கழித்து, பதினைந்தில் நான்கு! ஸ்கேனோடு அச்சொட்டாகப் பொருந்தியது. இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, செய்யலாம் என்றார்கள். நூறு வீதம் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கூட மார்க் எடுப்பதுதான் கெட்டித்தனம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தவன் நான். சில பரீட்சைகள் நம்மை உள்ளபடி பார்க்கத்தான் வைக்கப்படுகின்றன. அங்கே போய்க் கெட்டித்தனம் காட்டினால் வைத்தியம்தான் தவறும்.

ஒப்பரேஷனுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வலிப்பு நின்று, டொக்டரம்மா சரி சொன்ன பிறகுதான் ஸ்கூட்டர். ஆனால் சுகந்தி இப்போதே வீட்டில் ரியூசன் தொடங்கிவிட்டாள் — எனக்கு.

பாடம் ஒன்றுதான்: பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி?