காக்கியை மாற்றிக்கொண்டு வந்தவர்

வேலைக்குப் போன என் மகள் வீடு திரும்பாததற்கு மறுநாள், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு மகளிர் காவல் நிலையத்தில் அவரைச் சந்தித்தேன். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய எஸ்.ஐ. நரைத்த தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். மகள் கவரைப்பேட்டை ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் வந்ததும் நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அவரோ உள்ளே போய், காக்கியை மாற்றி, நூல் புடவையில் வந்தார்.

“இப்பப் போய் புடவையா மேடம்?” என்றேன்.

“பொண்ணு பக்கத்துல போலீஸ் நின்னா நாளைக்கு ஊரே பேசும் சார். நாங்க வேலைக்கு வந்த புதுசுல கேஸெல்லாம் ஆம்பளைங்களுக்கு. பொண்ணுங்களைக் கூட்டிக்கினு வர்றதுதான் எங்களுக்கு. இந்த ஒண்ணையாவது நல்லா கத்துக்கினோம்.”

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளாட்பாரத்தில் என்னைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ரயில்கள் வந்து போயின. பிறகு அவளே எழுந்து என்னிடம் வந்தாள்.

ஆட்டோவில், “அந்த ஆன்ட்டி யாருப்பா? ஏன் வீட்டுக்குப் போவலைன்னு கேக்கவே இல்ல,” என்றாள்.

என் வாயில் அந்தக் கேள்விதான் இருந்தது. இன்றுவரை கேட்கவில்லை. அத்தனை நேரம் அவர் வேறு என்னதான் பேசினார் என்பதும் எனக்குத் தெரியாது.