வேலி தாண்டி எடுத்த டவர் படம்

முத்தாபுதுப்பேட்டையில் வசிக்கிறேன். மின்கோபுரங்களில் ஏறி வேலை பார்த்தே ஓய்வு பெற்றவன். இங்கிலாந்தில் மகன் வீட்டுக்குப் போனபோதும் டவர்களைத் தேடித் தேடிப் படம் எடுத்தேன். டவரில் கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டர் தட்டுகளை எண்ணினால் எத்தனை வோல்ட் லைன் என்று தெரிந்துவிடும். ஒரு டவரில் அதை எண்ணப் போய், பழக்க தோஷத்தில் சுற்றியிருந்த வேலியைத் தாண்டிவிட்டேன். போலீஸ் பிடித்துக்கொண்டது.

மகன் ஓடி வந்து, "அப்பாவுக்கு மறதி நோய்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். உடனே விட்டுவிட்டார்கள்.

"இன்னாடா, எனக்கா மறதி?" என்றேன்.

"மானத்த வாங்காத. கம்முனு வாப்பா."

ஊர் திரும்பிய பிறகு எந்த வேலியையும் நான் தாண்டுவதில்லை. ஞாயிறுதோறும் மகன் போன் செய்கிறான். "நீ யாருப்பா?" என்று கேட்கிறேன். அவன் பதறுவதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைக்கிறேன்.