டின்பால் டப்பாவில் சுருண்ட சரம்

பள்ளிக்கூடக் கண்காட்சி முடிந்த கையோடு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு என் பெயரைப் பதிந்துவிடுவதென்று அப்பா முடிவு கட்டியிருந்தார். பெயர் பதிந்தால் படிப்புக்கு முழுக்கு. கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான். பதுளையில் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது.

"இத்தன நாளு பஸ்சுல போயி வந்து என்னத்தக் கண்ட?" என்றார்.

"கண்காட்சிக்கு வந்து பாருங்க, காட்டுறேன்" என்று வாயைவிட்டுவிட்டேன். காட்டுவதற்கு என்னிடம் ஒரு மண்ணும் இல்லை.

எங்கள் உயிரியல் ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர்; சேர் என்போம். கண்காட்சிக்கு எனக்கு டி.என்.ஏ.யைக் கொடுத்திருந்தார். அவ்வளவு நீள இழை சின்னஞ்சிறு உயிரணுவுக்குள் அடங்க வேண்டுமானால், ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளைச் சுற்றிச் சுருள வேண்டும். அப்படிச் சுருண்டு கிடப்பதுதான் குரோமற்றின். இழை எந்த இடத்தில் சுலபமாக வளையும் என்பதில் அதில் எழுத்துகள் போல வரும் ஏ, டீ, ஜீ, சீ என்னும் நான்கு வேதிப்பொருள்களின் வரிசைக்கும் பங்குண்டு என்று புதிதாகக் கண்டிருக்கிறார்கள் என்றார். நான் உருண்டைக்குப் பதில் காலி டின்பால் டப்பாக்களை வைத்துக் கயிற்றைச் சுற்றினேன். கையை எடுத்தால் போதும், பொலபொலவென்று அவிழ்ந்து விழுந்தது.

"என்ன பிள்ளை, வழுக்கி விழுகுதெல்லோ?" என்றார் சேர். எனக்கென்ன கண் தெரியாதா!

அந்த வாரம் எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. கரகக் குடத்தில் சுற்றுவதற்குப் பூக்கட்ட அம்மாவோடு உட்கார்ந்தேன். கை பூவில், புத்தி டப்பாவில்.

"அடியே, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி வச்சுக் கட்டத் தெரியாது? எல்லாத்தையும் ஒரே பக்கமா வச்சிருக்கியே! பாரு, சுருண்டுக்கிட்டுக் கெடக்கு" என்று அம்மா கத்தினாள்.

ஆமாம். பூவெல்லாம் ஒரு பக்கம் நெருக்கியடித்து நிற்க, சரம் வெறும் பக்கமாகத் தானே வளைந்திருந்தது. அதை எடுத்துப் பக்கத்திலிருந்த செம்பில் சுற்றிக் கையை எடுத்தேன். அசையவில்லை. "ஐயோ அம்மா, நிக்குது!" என்று குதித்தேன். சாமி வந்துவிட்டதோ என்று அம்மா பயந்தே போனாள்.

கண்காட்சிக்கு இரண்டு சரம் கட்டினேன். ஒரே நீளம், ஒரே அளவு காகிதப் பூ. ஒன்றில் பூக்கள் கண்டபடி இருந்தன. மற்றதில் எல்லாம் ஒரு பக்கமாக. டி.என்.ஏ.யிலும் இதே கதைதான். அது முறுக்கிய இழை என்பதால், ஏறக்குறையப் பத்து எழுத்துக்கொருமுறை அதே பக்கம் உருண்டையைப் பார்க்கும். அந்த இடங்களில் ஏ, டீ எழுத்துகளும், வெளியே பார்க்கும் இடங்களில் ஜீ, சீ எழுத்துகளும் விழுந்தால் இழை இணங்கி வளையும். எழுத்துகள் அவையேதான், வரிசைதான் வேறு.

அப்பா திருவிழாச் சட்டையோடு வந்தார். இரண்டு சரத்தையும் அவரே டப்பாவில் சுற்றிப் பார்த்தார். ஒன்று விழுந்தது, ஒன்று நின்றது. மறுபடியும் சுற்றினார்.

"சரி, இப்புடிச் சுத்தி மூடிக்கிட்டா உள்ள இருக்கிற எழுத்த எப்புடிம்மா படிக்கிறது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சேரிடம் நான்கூடக் கேட்காத கேள்வி அது.

"வேணுங்கறப்ப அந்த எடம் பிரிஞ்சு குடுக்கும்ப்பா. எப்புடிப் பிரியுதுன்னு இன்னும் முழுசாத் தெரியல. கண்டுபிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க."

"யாரு?"

"மேல படிச்சவங்க."

அப்பா சரத்தை டப்பாவோடு மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினார். திரும்பும் பஸ்சில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தைத் தாண்டித்தான் பஸ்சுக்குப் போக வேண்டும். வரிசையில் நின்ற அப்பாவிடம் கணக்கப்பிள்ளை சத்தமாகக் கேட்டார்: "என்னப்பா, மகளப் பேர் பதியக் கூட்டியாரல?"

என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"இல்லைங்கய்யா" என்றார் அப்பா. "ஒரு விசயம் இன்னும் கண்டுபிடிக்காமக் கெடக்காம். எம் மக போயிப் பாக்கட்டும்."