எந்த எறும்பு?

என் மகள் என்னை நம்புவதில்லை. அதற்கு அவளிடம் காரணம் உண்டு. பாலர் பள்ளிக் காலத்தில் பாலிகிளினிக்கில் தடுப்பூசி போட்டபோது நானும் என் மனைவியும் அங்கிருந்த தாதியும் சொல்லிவைத்தாற்போல, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்றோம். ஊசி இறங்கியதும் அவள் அழுகைக்கு நடுவே கேட்டாள்: "எந்த எறும்பு?" அன்றிலிருந்து ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே எறும்பு ஊர்ந்தால் முதலில் அதைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள்.

குழந்தையிலேயே அவளுக்குக் காது குத்தாதது என் கொள்கை. அவள் காது, அவள்தான் முடிவெடுக்க வேண்டும் என்று எங்கேயோ படித்ததை என் மாமியாரிடம் சொற்பொழிவாகவே ஆற்றியிருந்தேன். எட்டு வயதில் அவள் முடிவெடுத்துவிட்டாள்: ஜிமிக்கி. வாங்கியும் ஆயிற்று. தினமும் பெட்டியைத் திறந்து, காதோரம் பிடித்துக் கண்ணாடி பார்த்துவிட்டு மூடிவிடுவாள். ஆசைதான், ஆனால் குத்திக்கொள்ளப் பயம். கொள்கை வகுத்தவரே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றாள் மனைவி.

முதல் தடவை தேக்கா கடைத்தெருவில் நகைக்கடை வாசல்வரை போய், புரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இரண்டாம் தடவை ரயிலிலேயே நிபந்தனை வந்தது.

"அப்பா, நீங்க ஃபர்ஸ்ட்."

என் காதிலும் ஓட்டை கிடையாது. ஒத்துக்கொண்டேன். நரைத்த மீசையோடு போய் உட்கார்ந்ததும் காது குத்துபவர், சாருக்கா, பாப்பாவுக்கா என்று இரண்டு தடவை கேட்டார். பேனாவால் புள்ளி வைத்தார். கையில் எடுத்த கருவி, அலுவலக ஸ்டேப்ளருக்கு நெருங்கிய சொந்தம் போலிருந்தது. பல வருடங்களாக அலுவலகத் தாள்களுக்கு நான் செய்துவந்தது நினைவுக்கு வந்தது.

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது பொய் சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். குனிந்து என் கால்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். டக். கால் கட்டைவிரல் தானாக மடங்கியது.

"எப்படி இருந்துச்சு?"

எறும்பு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் விரலை அவள் பார்த்துவிட்டாளே.

"வலிச்சுது."

"எவ்வளவு?"

"கதவுல விரல் மாட்டுனா வலிக்குமே, அதுல பாதி. இப்பக் குறைஞ்சிருச்சு. காது மட்டும் சூடா இருக்கு."

தொட்டுப் பார்த்தாள். சூடு நிஜம்தான். பிறகு ஏறி உட்கார்ந்து என் கைவிரலைப் பிடித்துக்கொண்டாள். டக். கண் நிறைந்தது, வழியவில்லை. "கதவுதான்," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். இன்னொரு காது நாளைக்காம். காது குத்துபவர் இதையெல்லாம் நிறையப் பார்த்தவர்போல விட்டத்தைப் பார்த்தார். ஆம்பிளைக்கு ஒரு காது போதும் என்று நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதி அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"உங்களுக்கும் ஒண்ணுதானே குத்தியிருக்கு?"

மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை கால்விரல் முன்கூட்டியே மடங்கிக்கொண்டது.

"ரெண்டாவது இன்னும் அதிகமா வலிக்குது, இல்ல?"

"ஆமா."

முதல் தடவையாக நான் சொன்னதை அவள் சோதித்துப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து, மறு காதைத் திருப்பிக் கொடுத்தாள்.

நாங்கள் எழுந்தபோது, அடுத்து ஒரு சின்னப் பெண் அவள் அப்பா மடியில் காத்திருந்தாள். வலிச்சுதா அக்கா என்று கேட்டாள். அவள் தலைக்குப் பின்னாலிருந்து அந்த அப்பா, இல்லையென்று சொல்லும்படி என் மகளுக்குக் கண்ணாலும் கையாலும் ஜாடை காட்டினார். மகள் அந்த ஜாடையை முழுக்கப் பார்த்து முடித்தாள்.

"வலிக்கும் லா. உங்க அப்பாவ முதல்ல உக்காரச் சொல்லு."

அந்த மனிதர் என் இரண்டு காதுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை மெல்லத் தன் காதுக்குப் போனது.