பார்க்காமல் விட்ட ஒரு தாள்

படித்தால் பட்டம் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் கல்லூரி அலுவலகத்துக்குள் காலடி வைத்ததே இல்லை என்று அர்த்தம். பரீட்சையில் தேறுவது பாதி வேலைதான். எந்தப் பாடம் எந்தக் கட்டத்தில் சேரும் என்று ஒரு தாளில் நிரப்பிக் கொடுத்து, அது சரிதான் என்று அலுவலகத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கணினித் துறையில் இருபத்தொரு வருடமாக அந்தக் கையெழுத்தைப் போட்டவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் சல்லடை.

பெயர் வைத்தது தனக்குத் தெரியாது என்றுதான் காட்டிக்கொள்வாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். மேஜையில் ஒரு சிவப்புப் பென்சில், ஒரு அடிக்கோல், ஓரம் கிழிந்த விதிப்புத்தகம். அடிக்கோலை வரிக்கு வரி இறக்கிக்கொண்டே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். முக்கால்வாசிப் பேர் இடறி விழுவது ஒரே இடத்தில். கணினியியலை முதன்மைப் பாடமாகப் படிக்கிறவர்கள் தகவல் அமைப்பைத் துணைப்பாடமாக எடுப்பார்கள். துணைப்பாடத்துக்கு ஆறு வகுப்புகள் வேண்டும். அதில் இரண்டை மட்டும் முதன்மை, துணை என்று இரண்டு பக்கமும் காட்டலாம். பிள்ளைகள் சத்தமில்லாமல் மூன்றாவதையும் காட்டிவிடுவார்கள். சல்லடை அதைச் சுழித்து, "இன்னொரு வகுப்பு எடுத்துட்டு வாங்க" என்று தாளைத் திருப்பித் தருவாள். அழுதாலும் கெஞ்சினாலும் அதேதான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் அதேதான்.

பிறகு அவளுடைய மகளே அந்தத் துறையில் சேர்ந்தாள்.

முதல் நாளே சல்லடை துறைத் தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். மகளுடைய தாள் எதுவும் தன் மேஜைக்கு வரக்கூடாது, பக்கத்து மேஜைக்காரர்தான் பார்க்க வேண்டும் என்று. பக்கத்து மேஜைக்காரர் நல்ல மனிதர். ஆனால் கோப்பைக் கையில் எடுத்த வேகத்தில் கீழே வைப்பார். அலுவலகமே அவரை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிட்டது. மகள் வீட்டில் பாடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால்கூட, "அதெல்லாம் அவர்கிட்ட கேளு" என்று சல்லடை எழுந்து போய்விடுவாள். நாளைக்கு ஒருத்தர் நாக்கின்மேல் பல்லைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடக்கூடாதே.

கடைசி வருடம் பாதியில் மகளின் தாளில் எக்ஸ்பிரஸ் கையெழுத்துப் போட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது, இனி வேறு வகுப்பு வேண்டாம் என்றார். பரீட்சை முடிந்தது. ஒரு பெரிய மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலையும் கிடைத்தது. தகவல் அமைப்பைத் துணைப்பாடமாகப் படித்தவர்களுக்கு மட்டுமே அந்த வேலை. மகள் சாப்பாட்டு மேஜையில் தாளைப் பரப்பி மருத்துவமனைப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். கை துடைத்துக்கொண்டே வந்த சல்லடை குனிந்தாள். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. இருபத்தொரு வருடப் பழக்கம், கண் தானாக வரிகளின்மேல் இறங்கியது.

தரவுத்தளம், இரண்டு பக்கமும் இருந்தது. வலையமைப்பு, இரண்டு பக்கமும். திட்ட மேலாண்மை, அதுவும் இரண்டு பக்கமும்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மூன்றாவது வரியை விரலால் காட்டினாள். மகளுக்கு விளங்க அரை நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஊர்ல இருக்கிற எல்லாப் பிள்ளைங்க தாளையும் பாத்தே. என்னோடத மட்டும் பாக்கல."

நியாயமாக இருக்கிறோம் என்று நினைத்துத்தான் சல்லடை ஒதுங்கி இருந்தாள். அதன் பலன், அந்த வருடத்து மாணவர்களில் அவள் மகள் ஒருத்திதான் சல்லடையில் விழாமல் போனாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. மகள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இதை வேறு யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். கையெழுத்து விழுந்த தாளை யாரும் மறுபடி எடுத்துப் பார்ப்பதில்லை. துறைத் தலைவர் மனசு வைத்தால், ஒரு பாடத்துக்குப் பதில் இன்னொன்றைச் சேர்த்து அனுமதிக்கவும் முடியும். சல்லடை கேட்டால் மறுக்கமாட்டார். மறுநாள் காலையில் சல்லடை செருப்பு மாட்டும்போது மகள் வாசலுக்கு வந்தாள்.

"அவர்கிட்ட போய்ச் சலுகை கேக்காதேம்மா. நீ திருப்பி அனுப்பின பிள்ளைங்க பாதிப் பேர் என் கூடப் படிச்சவங்க."

சல்லடை துறைத் தலைவரிடம் தானே போய்த் தவறைச் சொன்னாள். தாள் ரத்தானது. எக்ஸ்பிரஸ் முகம் செத்துப்போய் அன்று முழுவதும் தேநீர்கூடக் குடிக்கவில்லை. அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

மகள் மருத்துவமனைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். பதிவேட்டு அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். என்ன பாடம் குறைகிறது, எப்போது முடியும் என்று கல்லூரி எழுதித் தரவேண்டும். ஆகஸ்ட் கடைசிக்குள் முடித்த தாள் வரவேண்டும். வரவில்லையென்றால் அடுத்த ஆளுக்கு வேலை போய்விடும். கோடை வகுப்பில் அப்போது இருந்த ஒரே பொருத்தமான பாடம் தகவல் பாதுகாப்பு. அந்தப் பேராசிரியர் மதிப்பெண் போடுவதில் கருமி என்று பெயர் வாங்கியவர்.

இரண்டரை மாதம் வகுப்பு நடந்தது. மகள் படித்தாள். சல்லடை சமைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், படிக்கிற அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி மதிப்பெண் வந்தது. தேறிவிட்டாள், தேர்ச்சிக்கு வேண்டியதைவிட மூன்றே மதிப்பெண் கூடுதலாக.

மறுநாள் புதிய தாள் அலுவலகத்துக்கு வந்தது. எக்ஸ்பிரஸ் அதை எடுக்குமுன் சல்லடை கை நீட்டினாள். அவர் தயங்கி, "அக்கா, உங்க பொண்ணு தாளாச்சே, நான்தானே பாக்கணும்" என்றார்.

"நீங்க பாருங்க. நானும் பாக்கறேன். ஒரு தாள்ல ரெண்டு கையெழுத்து இருக்கக்கூடாதுன்னு எந்த விதியும் இல்ல."

எக்ஸ்பிரஸ் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே தாளுக்கு இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். அவர் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்து விழுந்தது.

மகள் மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று, அம்மா உட்கார்ந்திருந்த மூன்றாவது ஜன்னலுக்கு வந்தாள். தாளை வாங்கி, வரிகளைப் பார்க்காமல் நேரே அடியில் பார்த்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துட்டியா?"

"மூணு தடவை" என்றாள் அம்மா.